சேக்கிழார் கண்ட அரசும் அடியார் நெறியும்

சமயம் வேறு, அரசியல் வேறு என்று பிரித்துக் கூறுதல் இக்கால வழக்கு. இரண்டும் கூடினால் நாடு உய்யும் என்பாரும் உளர். கூடினால் நாடு கெடும் என்பாரும் உளர். இரு திறத்தாரும் பெரும்பாலும் மேனாட்டு வரலாற்றினின்றே சான்று காட்டுவர். தமிழிலே இவ்வினாவை நேரே எடுத்து ஆராய்ந்த பழைய நூல் ஒன்றும் இல்லை என்று கூறுதல் ஒருவாறு பொருந்தும். ஆயினும், இவ்வினாவை உள்ளே வைத்துக்கொண்டு நடக்கின்ற காப்பியம் ஒன்று உண்டு. அதனை இயற்றியவர் துறவியுமல்லர், மடத்தில் வாழ்ந்த புலவருமல்லர். சோழப் பேரரசின் அமைச்சர்.

சேக்கிழார் தொண்டைநாட்டுக் குன்றத்தூரினர். உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டம் பெற்று அநபாயச் சோழனிடத்தே அமைச்சராக விளங்கியவர் என்பது மரபு. அநபாயன் என்பான் கி. பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பர் ஆராய்ச்சியாளர். அரசன் சீவகசிந்தாமணியிலே திளைத்திருத்தலைக் கண்டு, அவன் உள்ளத்தை அடியார் வரலாற்றின்பாற் செலுத்தும் பொருட்டே பெரியபுராணம் எழுந்தது என்னும் செய்தியை உமாபதி சிவாசாரியார் பேரிலுள்ள சேக்கிழார் புராணம் கூறுகின்றது. இச்செய்தி உண்மையோ அன்றோ, ஒன்று தெளிவு. இந்நூல் அரசவையை நோக்கிப் பிறந்த நூல் என்றே தமிழர் நெடுங்காலம் கருதி வந்தனர். அங்ஙனமிருந்தும் அதனைப் படிப்போரிற் பலர் பத்திச்சுவையோடு அமைந்துவிடுகின்றனர். வேறு சிலர் அதனைச் சோழராட்சிக்குச் சமயப்பூச்சுப் பூசிய நூல் என்று ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் நூலின் வாயிலிலே நிற்கும் கதையை ஊன்றி நோக்கினாரல்லர்.

அக்கதை மனுநீதிச் சோழன் கதை. அஃது அடியார் எவருடைய வரலாறுமன்று. திருவாரூரின் சிறப்பைக் கூறப் புகுந்தவிடத்து, முதல் அடியாரின் புராணம் தொடங்குமுன்னரே சேக்கிழார் அதனை விரித்து அமைக்கின்றார். கதை எல்லாரும் அறிந்தது. இளவரசன் தேரிற் செல்லுங்கால் பசுவின் கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் தன் மைந்தன்மேல் தேரை ஊர்ந்தான். சிறுவர் பாடப் புத்தகத்திலே இவ்வளவே இருக்கும். சேக்கிழார் பாட்டிலோ இதற்கிடையே ஒரு நீண்ட உரையாடல் உண்டு. கதையின் உயிர் அவ்வுரையாடலிலேதான் இருக்கின்றது.

அமைச்சர் அரசனைத் தேற்றுகின்றனர். பசுவைக் கொன்றார்க்கு அந்தணர் விதித்த கழுவாய் உண்டு. மைந்தனை அவ்வழியிலே செலுத்துதலே முறை என்கின்றனர். இங்கே சமயத்தின் பெயராற் பேசுவோர் அமைச்சரே. வேதநூல் விதி அவர் பக்கத்தில் இருக்கின்றது. பழைய வழக்கும் அவர் பக்கத்தில் இருக்கின்றது. அரசன் அதனை ஏற்கின்றானல்லன். பிறன் ஒருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்வதும், தன் மகன் கொன்றால் அவனுக்குச் சடங்கு செய்வதும் எந்த நீதி என்று கேட்கின்றான். அக்கழுவாய் கன்றையிழந்த பசுவின் துயரை மாற்றுமோ என்றும் கேட்கின்றான். இதனினும் நுட்பமானது அவன் கூறும் மற்றொரு காரணம். இறந்த கன்று பெருமான் வீற்றிருக்கும் திருவாரூரிலே பிறந்த உயிர். ஆதலாற் குற்றம் பெரிது, தண்டமும் குறையலாகாது என்பது அது. அமைச்சர் சமயத்தை எடுத்தது தண்டத்தைத் தளர்த்துதற்கு; அரசன் எடுத்தது தண்டத்தை இறுக்குதற்கு, அதுவும் தன்மேலே இறுக்குதற்கு. ஒரே நம்பிக்கை இருவர் வாயில் இருவகைப் பயன்படுகின்றது. சமயமும் அரசும் கூடலாமா என்று பொதுப்படக் கேட்பார்க்கு இக்காட்சி விடை கூறாது. கூடியவிடத்து எவன் தோளில் பாரம் ஏறுகின்றது என்று பார்க்கவே அது கற்பிக்கின்றது.

அரசன் கடமையைக் கூறுமிடத்து, உயிர்களுக்கு நேரும் அச்சம் ஐந்து என்று சேக்கிழார் வகுக்கின்றார். அவற்றுள் முதலாவது அரசனாலே வரும் அச்சம். இரண்டாவது அவன் சுற்றத்தாராலே வரும் அச்சம். பகைவரும் கள்வரும் விலங்கும் அவற்றின் பின்னரே வைத்து எண்ணப்படுகின்றனர். அரசியல் நூலார் பகைவரிலே தொடங்குவர். இவரோ அரண்மனையிலே தொடங்குகின்றார். பேரரசொன்றின் அமைச்சர் இவ்வரிசையை அறியாது அமைத்தார் என்று கொள்ளற்கில்லை. இன்னொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. மைந்தன்மேல் தேரைச் செலுத்துமாறு அரசன் முதலில் ஓர் அமைச்சனையே ஏவினான். அவன் அதனைச் செய்யாது தன்னுயிரைத் துறந்தான். மன்னன் ஆணைக்கும் தன் உள்ளத்துக்கும் இடையே அகப்பட்ட அமைச்சனுக்கு ஒரு பாட்டின் சிறு பகுதியே கிடைக்கின்றது. அமைச்சராயிருந்த புலவர் அவனைப்பற்றி மேலும் பேசாதது படிப்பார் உள்ளத்தை உறுத்துகின்றது.

இக்கதை சேக்கிழார் படைத்ததன்று. சிலப்பதிகாரம் இதனை அறியும். விக்கிரமசோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டொன்றும் இதனைக் கூறுகின்றது. ஈழநாட்டார்க்கு இன்னும் அணித்தான சான்று மகாவமிசம். அநுராதபுரத்திலிருந்து நாற்பத்துநான்கு ஆண்டு ஆண்ட எல்லாளனைப்பற்றி அந்நூல் இதே கதையை உரைக்கின்றது. அங்கும் மணி, அங்கும் கன்றிழந்த பசு, அங்கும் மைந்தனின் தேர். எல்லாளன் பௌத்தனல்லன். அந்நூலோ பௌத்தத்தின் பெருமையையே பேசுதற்கெழுந்தது. துட்டகைமுனுவையே தலைவனாகக் கொண்டது. ஆயினும், பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி வழங்கியவன் என்று எல்லாளனைப் பாராட்டுகின்றது. தவறான கொள்கையை அவன் விடவில்லையாயினும் முறைதவறாமையாற் சிறப்புற்றான் என்று பிக்கு ஒருவர் எழுதிவைத்தார். தன் சமயத்தான் அல்லாத அரசனுக்கு நீதியை மறுக்காத அந்நேர்மை போற்றற்குரியது.

மனுவேந்தன் நாட்டிய இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு பெரியபுராணத்து அரசரை அளந்து பார்த்தல் வேண்டும். மூர்த்திநாயனார் வணிகர். மதுரையைக் கைப்பற்றிய வடுகக் கருநாட வேந்தன் அவர் சந்தனத் தொண்டைத் தடுத்தான். அவர் தம் முழங்கையையே கல்லிலே தேய்த்தார். அவ்வேந்தன் மகப்பேறின்றி இறந்தபோது, காவலன் இல்லாத நாடு வாழாது என்று அமைச்சர் ஆராய்ந்து யானையின் கண்ணைக் கட்டி விட்டனர். அது அவரை எடுத்து வந்தது. திருநீறே முடிசூட்டு நீராகவும் கண்டிகையே அணிகலனாகவும் சடையே முடியாகவும் அமைவதாயின் ஆள்வேன் என்றார் அவர். அரசினாலே தமக்கு வரும் அணி, இன்பம் அனைத்தையும் நீக்கி, அரசின் சுமையை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்பதே இதன் பொருள். புகழ்ச்சோழரோ தம் படை வென்று கொணர்ந்த தலைக்குவியலிலே சடைத்தலை ஒன்றைக் கண்டார். வெற்றியைக் கொண்டாட வேண்டிய நாளிலே, ஆட்சியை மைந்தனுக்கு விட்டுத் தீயிற் புகுந்தார். போர் செய்யப் போனவர் படைத்தலைவர். பழியை ஏற்றவர் அரசர். சுற்றத்தாரால் வரும் அச்சத்துக்கும் அரசனே பொறுப்பு என்ற மனுவின் வாக்கு இங்கே செயலாகின்றது.

மெய்ப்பொருள்நாயனார் கதை இவ்வளவு எளிதாக அடங்காது. அடியார் வேடத்திலே வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை அவர் காத்தார். தத்தன் என்னும் காவலன் அவனை ஊரெல்லை கடத்திவிட்டு வந்து கூறுமளவும் உயிரைத் தாங்கிக் கிடந்தார். பத்தி என்ற அளவில் இது மலை போன்றது. அரசு என்ற அளவில் வைத்துப் பார்த்தால் ஐயம் எழாமற் போகாது. நாட்டைக் காக்க வேண்டியவன் கொலைஞனுக்கு வழிவிடலாமா? சேக்கிழார் இவ்வையத்தை மறைக்கின்றாரல்லர். செய்தி கேட்ட குடிமக்கள் முத்தநாதனைச் சூழ்ந்துகொள்கின்றனர். அரசன் ஆணை என்று தத்தன் கூறிய பின்னரே அஞ்சி நீங்குகின்றனர். மக்களின் சினமும் இடம்பெறுகின்றது, மன்னனின் அருளும் இடம்பெறுகின்றது. எது சரி என்று புலவர் தீர்ப்புக் கூறவில்லை. எனினும் ஒன்று கூறலாம்: இங்கும் சமயத்தின் விலையை அரசனே தன் உடம்பாற் கொடுத்தான்.

அரசர் கதைகளை விட்டு அடியாரே ஆட்சி செய்வது போன்ற ஓர் இடத்துக்கு வந்தால், சேக்கிழாரின் அமைச்சறிவு பின்னும் துலக்கமாகப் புலப்படும். அது திருவீழிமிழலைப் பஞ்சம். மழை பொய்த்தது; விளைவு குன்றியது; அரசன் என்ன செய்தான் என்னும் பேச்சே அங்கில்லை. சம்பந்தரும் நாவுக்கரசரும் ஆளுக்கொரு மடம் வைத்து அடியார்க்கு உணவளித்தனர். நாள்தோறும் ஒவ்வொரு காசு கோயிற் பீடத்திலே அவர்க்குக் கிடைத்தது. இருபொழுதும் பறையறைந்து, உண்ண வருக என்று அழைத்தனர். இவ்வளவோடு நின்றால் இஃது ஓர் அற்புதக் கதை. சேக்கிழார் இவ்வளவோடு நின்றாரல்லர். சம்பந்தர் மடத்திலே சோறு காலந்தாழ்ந்தே வந்தது. ஏன் என்று அவர் கேட்டார். நாவுக்கரசர் பெறும் காசை வணிகர் உடனே ஏற்கின்றனர். இம்மடத்துக் காசுக்கோ வாசி, அதாவது வட்டம், கேட்கின்றனர். அதனாற் பண்டம் வாங்கி வரச் சுணங்குகின்றது என்று ஏவலாளர் விடை கூறினர். உடலுழைத்துத் தொண்டு செய்பவர் நாவுக்கரசர். அதனால் அவர் காசு குற்றமற்றது என்பது கருத்து. சம்பந்தர் பாடி வாசியற்ற காசு பெற்றார். அதன்பின் உணவு வேளைக்கு வந்தது.

பசித்தவனுக்கு அருள் போதாது, அருள் வேளைக்கு வருதலும் வேண்டும் என்பதை இறைவன் கொடுத்த காசிலும் வட்டம் பார்க்கும் வணிகனைக் கொண்டு காட்டியது வியப்பே. திறைக்கணக்கும் பண்டாரக்கணக்கும் பார்த்துப் பழகிய கை எழுதிய பகுதி இது. அற்புதத்தின் நடுவே கடைத்தெருவை நிறுத்துதல் வேறெந்தப் பத்திக் காப்பியத்துக்கும் எளிதிற் கைவந்ததன்று.

குறையும் இங்கே உண்டு. பறை அழைத்தது பரமன் அடியாரை. பசித்த ஏனையோர் உண்டனரா என்று பாட்டுக் கூறவில்லை. பெரியபுராணத்தை வசன நடையிலே 1852 ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்ட ஆறுமுக நாவலர், தம் இறுதிக் காலத்திலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி நடத்தினார். சமயப் பிரசாரகர் என்றே பெரிதும் அறியப்பட்ட அவர், அக்காலத்தே ஆட்சியாளரின் மெத்தனத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார்; 1879 ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லல் வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். சோறிடுதலும் சபைக்கு ஆள் அனுப்புதலும் வெவ்வேறு வேலை என்று அவர் கருதினாரல்லர். வீழிமிழலைப் பகுதியை வசனமாக எழுதிய கை கஞ்சித்தொட்டியை நடத்தியது தற்செயல் என்று விடுதற்கில்லை.

வீழிமிழலையை அடுத்து வைத்துப் படிக்க வேண்டிய கதை கோட்புலிநாயனாருடையது. இவர் சோழனின் சேனாபதி. பெற்ற பொருளையெல்லாம் கோயிலமுதுக்கு நெல்லாகச் சேர்த்துவந்தார். அரசன் ஏவலாற் போர்மேற் செல்லுங்கால், அந்நெல்லைத் தொடலாகாது என்று சுற்றத்தார்க்குத் தனித்தனியே ஆணையிட்டுச் சென்றார். பஞ்சம் வந்தது. சுற்றத்தார், பின்னர்க் கொடுத்துவிடலாம் என்று எண்ணி அந்நெல்லை எடுத்துண்டனர். மீண்டு வந்த சேனாபதி அனைவரையும் வெட்டினார். அந்நெல்லை உண்டவளின் பாலைப் பருகிய குழவியையும் விட்டாரல்லர். கழற்சிங்கர் என்னும் பல்லவ மன்னரின் கதையும் இவ்வினத்தது. திருவாரூர்க் கோயிலிலே பூவை மோந்த தேவியின் மூக்கைச் செருத்துணையார் அரிய, எடுத்தது கை என்று அதனைத் துணித்தார் மன்னர்.

இவற்றைச் சேக்கிழார் மாற்றவில்லை. சுந்தரர் தொகையில் உள்ள அடியாரை விட்டுவிட அவருக்கு உரிமையில்லை. ஆனால் மனுவேந்தன் கதைக்கு விரிந்த கை, இங்கே சில பாடல்களோடு சுருங்கிவிடுகின்றது. சுருக்கத்தைக் கொண்டே கருத்தை ஊகித்தல் எப்போதும் பிழையற்ற வழியன்று. பல சிறிய புராணங்கள் செய்தி இன்மையாற் சிறியனவாயின. ஆயினும் நூலுள்ளேயே இரு பஞ்சங்கள் உள. ஒன்றிலே கோயிற் பீடத்திலிருந்து காசு வெளியே வந்து பசித்தவர்க்குச் சோறாகின்றது. மற்றொன்றிலே கோயிலுக்கு வைத்த நெல்லைப் பசித்தவர் தொட்டதற்குத் தலை போகின்றது. இரண்டையும் ஒரே நூலார் ஒரே மரியாதையோடு பாடினார் என்பதைப் படிப்போர் மறத்தலாகாது. மனுநீதியின்படி நோக்கினால் கோட்புலியாரின் வாள் பிறர்மேற் சென்றது. மனுவேந்தனின் தேர் தன் குலக்கொழுந்தின்மேற் சென்றது.

இனி, எவராலும் விலகிச் செல்ல முடியாத இடம் மதுரை. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைக்கச் சம்பந்தர் மதுரை சேர்ந்தார். சமணர், பாண்டியன் இசைவோடு, அவர் தங்கிய மடத்துக்குத் தீயிட்டனர். இத்தீமை யாரைச் சாரும் என்னும் வினாவை இங்கே சேக்கிழார் எழுப்புகின்றார். இட்டவர் சமணராயினும், குற்றம் அரசனையே சாரும் என்பது விதி. ஆதலாற் சம்பந்தர் அத்தீயைப் பாண்டியனிடமே அனுப்பினார் என்கின்றார். சுற்றத்தாரால் வரும் அச்சம் என்று திருவாரூரிலே கூறிய சொல் மதுரையிலே சுரமாகப் பாண்டியனைப் பற்றுகின்றது. அச்சுரமும் மெல்லவே செல்ல ஏவப்பட்டது. தேவியாரின் மங்கலநாண் காக்கப்படல் வேண்டும், அமைச்சரின் அன்பு காக்கப்படல் வேண்டும், அரசன் மீண்டும் திருநீற்று நெறிக்கு வருதல் வேண்டும் என்று அதற்குக் காரணங்களைப் புலவர் அடுக்குகின்றார். தண்டத்தை அளந்து கொடுக்கும் அரசியல் அறிவுக்கு இதனினும் சிறந்த பாட்டு இந்நூலில் இல்லை எனலாம்.

அளந்த கை அடுத்துத் தளர்ந்துவிடுகின்றது. அனல்வாதமும் புனல்வாதமும் முடிந்தபின் எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பாட்டுக் கூறுகின்றது. தோற்றாற் கழுவேற்றுக என்று அவர்களே சினத்தாற் சொல்லிக்கொண்டனர் என்று முன்னரே ஒரு காரணம் வைக்கின்றார். சம்பந்தர் பகையுணர்ச்சி இல்லாதவர் என்றும், எனினும் அடியார் இருந்த மடத்துக்குத் தீங்கு செய்தமையால் மன்னன் செயலை விலக்காதிருந்தார் என்றும் கூறுகின்றார். காரணங்கள் ஒன்றன்மேலொன்றாக வருவதே புலவரின் உள்ளம் இவ்விடத்தில் அமைதியுறவில்லை என்பதைக் காட்டுகின்றது. மகிழ்ந்து பாடுபவனுக்கு இத்தனை காரணம் வேண்டுவதில்லை. காரணம் போதுமா என்பது வேறு வினா. மடத்துத் தீயிலே உயிர் எதுவும் இழக்கப்பட்டதாக நூல் கூறவில்லை. ஒரு கன்றுக்கு ஒரு மைந்தன் என்று நிறுத்த அதே தராசு, இங்கே எண்ணாயிரம் உயிரை எதிர்த்தட்டிலே எதுவும் இன்றி ஏற்கின்றது. சைவராயிருந்து இந்நூலைப் போற்றுவோரே இதனை முதலிற் கூறக் கடமைப்பட்டவர்.

நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா என்பதிலும் ஐயம் உண்டு. சம்பந்தர் தேவாரத்திலே கழுவேற்றச் செய்தி இல்லை. அவருக்குச் சில நூற்றாண்டு பிற்பட்ட நம்பியாண்டார் நம்பியின் பாட்டுக்களிலேதான் அது தலைகாட்டுகின்றது. நீலகண்ட சாஸ்திரியார் அதனை வரலாறாகக் கொண்டாரல்லர். 9 ஆம் நூற்றாண்டிலே, பாண்டியன் சீவல்லபன் காலத்தில், மதுரையாசிரியன் இளங்கௌதமன் என்பான் சித்தன்னவாசற் குகையைப் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுதலால், பாண்டிநாட்டிலே சமணம் அழிந்துவிடவில்லை என்பது துணிபு. இவ்வாராய்ச்சி வரலாற்றுக்கு விடைகூறும், காப்பியத்துக்கு விடைகூறாது. நடவாததொன்றை நடந்ததாகக் கொண்டு, அதனை அறமாகவும் கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவிற் கொண்டாடினால், நடவாமையால் வரும் ஆறுதல் சிறிதே.

இது சைவத்துக்கு மட்டும் நேர்ந்த இடர்ப்பாடன்று. எல்லாளனுக்கு நீதி வழங்கிய மகாவமிசமே, போர் முடிந்தபின் இறந்தோரை எண்ணித் துயருற்ற துட்டகைமுனுவுக்கு அருகதர் கூறிய ஆறுதலையும் உரைக்கின்றது. இறந்தவர் பலராயினும் மனிதர் என்று எண்ணத் தக்கவர் ஒன்றரைப் பேரே என்பது அவ்வாறுதல். அரசனின் உள்ளம் தானாக வருந்தியபோது, சமயம் வந்து அவ்வருத்தத்தைத் துடைத்தது. மனுவேந்தனின் அமைச்சர் செய்ய முயன்றதும் அதுவே. அங்கே மன்னன் இடங்கொடுத்தானல்லன். கலிங்கப் போருக்குப் பின் தன் வருத்தத்தைக் கல்லிலே வெட்டுவித்த அசோகனும் எவரையும் தன்னைத் தேற்ற விடவில்லை.

சேக்கிழாரின் பாட்டுக்கும் சோழரின் நடைமுறைக்கும் இடையிலுள்ள வேறுபாடும் கருதத்தக்கது. நாகப்பட்டினத்தே ஸ்ரீவிசய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்தவனும் அவனே. திருமலையிலுள்ள சமணப் பள்ளி அவன் தமக்கையார் பெயராற் குந்தவை சினாலயம் எனப்பட்டது. திருகோணமலைக்கு அணித்தாயுள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடை கொடுத்தோரைக் கூறுகின்றன. வென்ற நாட்டிலே வென்றவரின் மொழியிலே மாற்றுச் சமயப் பள்ளிக்குக் கொடை. இவற்றைத் தூய பெருந்தன்மை என்று கொள்ள வேண்டியதில்லை; கடல்வாணிகமும் ஆட்சியின் அமைதியும் இவற்றை வேண்டின. பொதுநன்மை சில வேளைகளிலே இத்தகைய கலப்பான காரணங்களாலும் விளையும்.

சேக்கிழார் காலத்திலோ காற்று மாறியிருந்தது. அநபாயன் தில்லையிலிருந்த திருமால் திருவுருவைப் பெயர்த்துக் கடலில் எறிந்தான் என்பதை ஒட்டக்கூத்தர் பெருமையாகப் பாடினார். அதே அரசனின் அமைச்சராகிய சேக்கிழார், அவன் பேரம்பலத்துக்குப் பொன்வேய்ந்ததைப் பாடுகின்றார். அவன் பெயரைப் பல இடங்களிலே வாழ்த்துகின்றார். கடலில் எறிந்த செய்திக்கு அவர் நூலில் இடமில்லை. அவைப்புலவர் உரக்கக் கூறியதை அமைச்சர் கூறாதுவிட்டார். அரசனை இடித்துரைக்கும் உரிமை அமைச்சனுக்கு உண்டு என்று குறள் வகுத்தது. இடித்துரைக்க இயலாதவிடத்துப் புகழாதிருத்தல் என்ற சிறு வழி எஞ்சுகின்றது போலும். அது போதாதென்று கூறுவோர் கூறலாம். ஒட்டக்கூத்தரோடு ஒப்பிடும்போது அது சிறிதன்று.

இன்னும் ஒரு புராணம் எஞ்சியுள்ளது. ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த திருநாளைப்போவார் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவந்தார். கோயிலின் உள்ளே செல்ல இயலாது மதிலைச் சுற்றி வந்தார். சேரியின் குடிலையும் கோழிக்குஞ்சையும் குழந்தையையும் சேக்கிழார் வெறுப்பின்றி, அன்போடு வருணிக்கின்றார். எனினும் அவ்வடியார் தில்லையினுள் நுழைந்தது தீயின் வழியே. இப்புராணத்திலே அரசன் எவனும் தோன்றுகின்றானல்லன். பசு அசைத்த மணி அரண்மனைக்குக் கேட்டது. மதிற்புறத்தே நின்ற மனிதனுக்கு அசைக்க மணி இருக்கவில்லை. இறைவன் கனவிலே வந்தே வழிசெய்தான், அரசு வழிசெய்யவில்லை.

அவ்விடைவெளி நிரம்புதற்கு நெடுங்காலம் சென்றது. 1936 இல் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனமும், 1939 இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதனைத் தொடர்ந்த சென்னைச் சட்டமும் வந்தன. இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. சட்டம் இருந்தும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடியார் நின்று போராட வேண்டியிருந்தது. பெரியபுராணத்தை வீடுதோறும் கொண்டுசென்ற நாவலர் இவ்வொரு பொருளிலே பழைய வருண வழக்கையே பற்றி நின்றார் என்பதும் உடன் கூறத்தக்கது. கஞ்சித்தொட்டியைப் போற்றுவோர் இதனை மறைத்தற்கு இடமில்லை.

திருநாளைப்போவாரின் பெயரைக் கொண்டே இவ்வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. 1890 இல் ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்து துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர் தில்லைக்கு வந்து, 1916 இல் நந்தனார் பெயராற் பள்ளி ஒன்று தொடங்கினார். 1926 முதற் பல ஆண்டு சென்னைச் சட்டசபையிலும் உறுப்பினராயிருந்தார். காவியுடையோடு சபைக்குச் சென்று பேசியவர், மீண்டு வந்து பாடஞ்சொல்லிக் கொடுத்தார். 1959 இல் அவர் இறந்தபோது, நந்தன் தீயிற் புகுந்த அவ்வூரிலே சேரிப் பிள்ளைகள் வகுப்பறையில் இருந்து படித்துக்கொண்டிருந்தனர்.